பக்கத்து ஊர்க் குடிநீர் நிர்வாகத்தோடு இணையலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்தடுத்து இரண்டு குடிநீர் நிர்வாகங்கள். ஒன்றின் கடைசிக் குழாய்க்கும் மற்றதன் கடைசிக் குழாய்க்கும் நடுவே ஒரு சாலைதான். ஆனால் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கட்டணம், தனித்தனிப் பரிசோதனைச் செலவு. "இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன?" என்று ஒரு நாள் கூட்டத்தில் யாரோ கேட்கிறார். அன்றிலிருந்து குழு உறுப்பினர்களும் ஊழியர்களும் கட்டணம் கட்டுகிறவர்களும் கேட்கத் தொடங்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிறிய குடிநீர் நிர்வாகங்களின் கணக்கையும் குழாய் வரைபடங்களையும் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். எனக்கென்று ஒரு கருத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைவதா வேண்டாமா என்பதை அலுவலகச் செலவைக் கூட்டிக் கழித்து முடிவு செய்யக் கூடாது. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இணைப்பு என்றால் குழாய்களை இணைப்பதா, அலுவலகங்களை இணைப்பதா?

இரண்டும் வேறு வேறு. குழாய் வழி இணைப்பில் ஒரு நிர்வாகத்தின் தண்ணீர் மற்றதன் குழாயில் ஓடும். நிர்வாக இணைப்பில் இரு ஊருக்கும் ஒரே குழு, ஒரே வங்கிக் கணக்கு, ஒரே ரசீது இருக்கும். ஆனால் நடுவில் ஓர் அடி குழாய்கூடப் புதிதாகப் பதிக்காமல் இருக்கலாம். இடையில் குன்றோ ஆறோ இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். மாறாக, குழாயை மட்டும் இணைத்துக்கொண்டு நிர்வாகத்தைத் தனித்தனியாக வைத்திருப்பவர்களும் உண்டு. யாராவது உங்களிடம் "இணைப்புக்கு ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டால் "எந்த இணைப்பு?" என்று திருப்பிக் கேளுங்கள். தீர்மானத்தின் வாசகத்திலேயே அது தெளிவாக இல்லையென்றால் வாக்கெடுப்பைத் தள்ளி வைப்பது நல்லது.

இத்தனை ஆண்டு தனியாக ஓட்டியாயிற்று. இப்போது மட்டும் ஏன் இந்தப் பேச்சு?

ஏனென்றால் செலவு வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. ஒரு நீராதாரத்தில் பூச்சிமருந்து எச்சமும் கன உலோகமும் இருக்கின்றனவா என்று பரிசோதிக்க ஆகும் செலவு, அந்தத் தண்ணீரை ஐந்நூறு வீடு குடித்தாலும் ஐயாயிரம் வீடு குடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பரிசோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இரண்டு தலைமுறைக்கு முன் பதித்த குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடையத் தொடங்குகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கத் தெரிந்தவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு விண்ணப்பம் போட ஆள் இல்லை.

இது ஏதோ ஓர் இடத்தின் தனிக் கதை அல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஊர்க் குடிநீர் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை 3,300 பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ தண்ணீர் தருபவை. ஜப்பானில் மக்கள்தொகை சுருங்கச் சுருங்க, கட்டணம் கட்டுகிறவர்களும் குறைகிறார்கள், ஆனால் குழாயின் நீளம் குறைவதில்லை. அதனால்தான் அந்நாடு 2018-இல் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி, ஊர்கள் பரந்த வட்டாரமாகச் சேர்வதை ஊக்குவித்தது.

பெரிய நிர்வாகமானால் செலவு குறையும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

ரசீது மென்பொருள், பரிசோதனை ஒப்பந்தம், தணிக்கை, ரசாயனக் கொள்முதல், தகுதியுள்ள ஒரு பொறியாளரின் சம்பளம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொரு வீட்டின் பங்கும் குறையும். இதில் சந்தேகமில்லை. ஆனால் குடிநீர் வழங்குவதில் பெருந்தொகையை விழுங்குவது குழாய்தான். ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 100 கிலோமீட்டர் குழாய் இருக்கிறது, ஆண்டுக்கு 1 கிலோமீட்டர் மாற்றுகிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் மாற்றி முடிக்க 100 ஆண்டு ஆகும். பக்கத்து ஊரிலும் அதே 100 கிலோமீட்டர், அதே வேகம். இரண்டும் சேர்ந்தால் 200 கிலோமீட்டர், ஆண்டுக்கு 2 கிலோமீட்டர், அப்போதும் அதே 100 ஆண்டுதான். கையெழுத்துப் போட்டதால் ஒரு மீட்டர் குழாய்கூடப் புதிதாகிவிடாது.

ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு எத்தனை வீடுகள் என்ற நெருக்கம் செலவைக் குறைக்கிறது. நிர்வாகத்தின் பரப்பு பெரிதாவதால் மட்டும் அந்த நெருக்கம் கூடுவதில்லை. வீடுகள் சிதறிக் கிடக்கும் இரண்டு ஊர்களைச் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் ஒரு பெரிய ஊர்தான் கிடைக்கும்.

நெதர்லாந்தையும் டென்மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெதர்லாந்தில் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ இருநூறு குடிநீர் நிறுவனங்கள் இருந்தன. பல பத்தாண்டுகளில் படிப்படியாக இணைந்து இன்று பத்தாக நிற்கின்றன. டென்மார்க்கில் இன்றும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீர் வழங்கு நிலையங்கள், பெரும்பாலானவை பயனாளர்களே நடத்துபவை. இரண்டு நாடுகளிலும் கசிவு உலகிலேயே மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. டென்மார்க்கில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீரை இழக்கும் நிர்வாகம் அதற்காக வரி கட்ட வேண்டும். அந்த வரி, சிறிய நிலையங்களையும் கசிவைத் தேடி ஓட வைத்தது. பெரியதாக இருந்தும் தண்ணீரை மிச்சப்படுத்தலாம், சிறியதாக இருந்தும் மிச்சப்படுத்தலாம்.

எங்கள் கட்டணம் உயருமா?

கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். உயராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். இணைந்தாலும் உயரும், தனியாக இருந்தாலும் உயரும். எதற்காக, எவ்வளவு வேகமாக உயரும் என்று கேட்பதே பயனுள்ளது.

பக்கத்து நிர்வாகத்தின் கட்டணம் உங்களுடையதில் பாதிதான் என்று வைத்துக்கொள்வோம். உடனே இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறோம்: அவர்கள் திறமையானவர்கள், நாம் ஊதாரிகள். நான் பார்த்த பல இடங்களில் உண்மை வேறாக இருந்தது. குறைந்த கட்டணம் என்பது பெரும்பாலும் மாற்றப்படாத குழாய். இருபது ஆண்டாக எதையும் மாற்றாமல் இருந்தால் யாராலும் மலிவாகத் தண்ணீர் கொடுக்க முடியும். அதிகக் கட்டணம் வாங்குகிற ஊர் ஒருவேளை தன் பிரதானக் குழாயை ஏற்கெனவே மாற்றி முடித்து அதற்கான கடனை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே இரண்டு கட்டணங்களை ஒப்பிடும்போது பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: கடந்த பத்து ஆண்டில் எத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்றப்பட்டது? அந்த எண் இல்லாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

கட்டணத்தை ஒன்றாக்க மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு. முதல் நாளிலிருந்தே ஒரே கட்டணம். இது எளிது, ஆனால் குறைவாகக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓர் இரவில் பேரிடி. இரண்டாவது, பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல நெருங்குவது. ஜப்பானின் ககாவா மாநிலத்தில் 2018-இல் மாநில நிர்வாகமும் எட்டு நகரங்களும் எட்டுப் பேரூர்களும் ஒரே குடிநீர் அமைப்பின் கீழ் வந்தபோது, கட்டணத்தை ஒன்றாக்கச் சுமார் பத்து ஆண்டு அவகாசம் வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது, அடிப்படைக் கட்டணத்தை ஒன்றாக்கி, பழைய கடனுக்கான கூடுதல் தொகையை அந்தக் கடனை வாங்கிய பகுதியிடம் மட்டும் கடன் தீரும்வரை வசூலிப்பது. எனக்கு மூன்றாவது வழியின் மீது மதிப்பு அதிகம். கணக்கு எழுதுவது சிரமம்தான். ஆனால் "அவர்கள் செலவை நான் ஏன் கட்ட வேண்டும்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அதில் இருக்கிறது.

அவர்களுடைய கடன் எங்கள் தலையில் விழுமா?

முழு இணைப்பு என்றால், வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை, விழும். அவர்களுடைய சொத்தும் உங்களுக்கு வரும். ஆனால் கடன் இரண்டு வகை. வங்கிக்கோ அரசுக்கோ திருப்பித் தர வேண்டியது ஏட்டில் இருக்கிறது, அதை எவரும் படிக்கலாம். மாற்ற வேண்டிய காலம் கடந்தும் மாற்றாமல் விட்ட குழாய், துருப்பிடித்த தொட்டி, ஓடாத மீட்டர் ஆகியவையும் கடன்தான், அவை எந்த ஏட்டிலும் இல்லை. முதல் வகைக் கடன் இல்லாத நிர்வாகத்திடம் இரண்டாம் வகை மலையாகக் குவிந்திருக்கலாம். இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய கடன் பத்திரங்களில், நிர்வாகம் கைமாறினால் கடன் கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசி நேரத்தில் இது தெரியவந்தால் எல்லாம் நின்றுவிடும்.

முடிவெடுக்கும் முன் எதை நேரில் பார்க்க வேண்டும்?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் என்பது சொல்லுக்குச் சொல் உண்மை, பார்க்க வேண்டியது எல்லாம் தரைக்குக் கீழே இருக்கிறது.

முதலில் இரவு ஓட்டம். நாள் முழுவதும் தண்ணீர் வரும் ஊரில், அதிகாலை இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை. அந்த நேரத்தில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் மீட்டர் அருகே நின்று பாருங்கள். மணிக்கு 20 கன மீட்டர் காட்டுகிறது என்றால் 20,000 லிட்டர். இரவுப் பயன்பாடாக ஒரு சிறிய பங்கைக் கழித்துவிட்டால் மீதியெல்லாம் மண்ணுக்குள் போகிறது. இரவில் அழுத்தம் கூடுதல் என்பதால் பகலில் கசிவு சற்றுக் குறையும், ஆனாலும் நாளொன்றுக்கு லட்சக்கணக்கான லிட்டர். நிர்வாகம் எவ்வளவு அழகான ஆண்டறிக்கை அச்சிட்டிருந்தாலும் அதிகாலை மூன்று மணி மீட்டர் பொய் சொல்லாது. மாலையில் பார்த்தால் எதுவும் தெரியாது, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அடுத்து வால்வுகள். வரைபடத்திலிருந்து பத்து வால்வுகளை நீங்களே தேர்ந்தெடுத்து, "இவற்றைத் திறந்து மூடிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஓர் ஊரில் இப்படிச் செய்தபோது நானும் கூட இருந்தேன். நான்காவது வால்வு, வரைபடம் காட்டிய இடத்தில் இல்லை. ஓய்வுக்கு எட்டு மாதம் மீதமிருந்த ஓர் ஊழியர் வந்தார். வரைபடத்தை அவர் பார்க்கவே இல்லை. சாலையோரம் ஆறு தப்படி நடந்து, கையிலிருந்த கம்பியால் தரையைத் தட்டினார். மூன்றாவது தட்டில் ஓசை மாறியது. தார்ப் பூச்சைப் பெயர்த்தால் கீழே இரும்பு மூடி. மூடியைத் தூக்கினால், வால்வின் தண்டு துருவேறி, பாதி மூடிய நிலையில் இறுகிக் கிடந்தது. அதற்கு அப்பால் இருந்த தெருக்களில் தண்ணீர் நூல்போல வருகிறது என்ற புகார் பல ஆண்டுகளாக இருந்தது. அதைத் தீர்க்கப் புதிய பம்பு வாங்குவதற்கான திட்ட மதிப்பீடு அப்போது அலுவலக மேசையில் தயாராக இருந்தது.

அந்த ஊழியர் ஓய்வு பெற்ற பிறகு இணைப்பு நடந்திருந்தால், புதிய நிர்வாகம் பம்பு வாங்கியிருக்கும். எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது, எந்த வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்பது பல ஊர்களில் ஒன்றிரண்டு பேரின் நினைவில்தான் இருக்கிறது. இணைப்புப் பேச்சு தொடங்கும் நாளிலேயே அவர்களை வரைபடத்தோடு தெருத்தெருவாக நடக்கச் சொல்லி, சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பு நடக்காமல் போனாலும் அந்த வேலை வீண்போகாது.

இவை போக, நீர் எடுக்கும் உரிமைப் பத்திரங்கள், கடந்த சில ஆண்டுப் பரிசோதனை முடிவுகள், நிலுவையில் உள்ள வழக்குகள், மீட்டர்களின் வயது, வசூலாகாத கட்டணப் பாக்கி. பட்டியல் நீளும், ஒரு நல்ல தணிக்கையாளர் இவற்றைப் பார்த்துக்கொள்வார். இரவு ஓட்டமும் வால்வும் மட்டும் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டியவை.

இரு ஊர்த் தண்ணீரையும் ஒரே குழாயில் விடலாமா?

சோதிக்காமல் விடக் கூடாது. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்றாலும் மிகையில்லை. "இரண்டும் சுத்தமான தண்ணீர்தானே" என்ற நினைப்பு ஆபத்தானது.

பழைய குழாயின் உட்புறத்தில் பல பத்தாண்டுகளாக ஒரு படிவு சேர்ந்திருக்கும். அந்த ஊர்த் தண்ணீரின் அமில காரத் தன்மைக்கும் உப்புகளுக்கும் ஏற்ப உருவான படிவு அது. அந்தத் தண்ணீர் ஓடும்வரை அமைதியாக ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு தண்ணீர் வந்தால், அல்லது ஓட்டத்தின் திசை மாறினால், பெயர்ந்து கரையத் தொடங்கலாம்.

அமெரிக்காவின் டூசான் நகரம் நெடுங்காலம் நிலத்தடி நீரையே குடித்து வந்தது. 1992-இல் கொலராடோ ஆற்று நீர் கால்வாய் வழியாக வந்து, சுத்திகரிக்கப்பட்டு, அதே பழைய குழாய்களில் விடப்பட்டது. வீடுகளில் துரு நிறத்தில் தண்ணீர் கொட்டியது, குழாய்கள் அரித்துப்போயின. 1994-இல் நேரடி விநியோகத்தை நிறுத்த நேர்ந்தது. பின்னர் ஆற்று நீரை நிலத்தில் ஊறவிட்டு, நிலத்தடி நீரோடு கலந்து எடுத்து, 2001-இல்தான் மீண்டும் தொடங்கினார்கள்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2000-ஆம் ஆண்டு ஆற்றையோ நிலையத்தையோ மாற்றவில்லை, கிருமிநீக்கியை மட்டும் மாற்றினார்கள். குளோரினுக்குப் பதில் குளோராமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநீக்கி. பழைய ஈயக் குழாய்களின் உள்ளே குளோரினால் நிலைபெற்றிருந்த ஈயப் படிவு கரையத் தொடங்கியது. குடிநீரில் ஈயம் கூடியது, 2004-இல் அது பெரும் செய்தியானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் நடந்தது உலகமே அறிந்தது. 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நகரக் குடிநீர் அமைப்பின் தண்ணீரை விட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கவில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. 2015 அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினாலும் கெட்ட குழாய் கெட்டதுதான்.

உங்கள் இரு நிர்வாகங்களில் ஒன்று குளோரினும் மற்றது குளோராமினும் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டும் குழாயில் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கிருமியைத் தடுக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம். எனவே பழைய குழாய்த் துண்டுகளை வெட்டி எடுத்து, புதிய தண்ணீரைப் பல மாதம் அவற்றினூடே ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். "காலதாமதம்" என்று சொல்வார்கள். ஆகட்டும்.

தண்ணீர் அழுத்தத்தில் சிக்கல் வருமா?

வரலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு 'பார்' (bar என்ற அலகு) அழுத்தம். மேட்டு ஊரின் தொட்டியை அழுத்தக் குறைப்பு வால்வு இல்லாமல் பள்ளத்து ஊரின் பழைய குழாயோடு இணைத்தால், பலவீனமான இடமெல்லாம் முதல் வாரத்திலேயே வெடிக்கும். இது பொறியாளர் தீர்க்கக்கூடிய எளிய விஷயம்தான், திட்டத்தில் அதற்கான தொகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முழு இணைப்பு தவிர நடுவழி ஏதும் இல்லையா?

பல உண்டு. "இணைவோம் அல்லது விலகுவோம்" என்று இரண்டே கதவுகளைக் காட்டுவதுதான் பல நல்ல பேச்சுகளைக் கெடுக்கிறது.

மிகச் சிறியது, இரு குழாய்களுக்கும் நடுவே பூட்டிய வால்வோடு ஓர் அவசர இணைப்பு. தீ விபத்திலோ பம்பு பழுதானாலோ திறக்கலாம். சற்றுப் பெரியது, ரசாயனமும் மீட்டரும் சேர்ந்து வாங்குவது, ஒரே பரிசோதகரையும் ஒரே கசிவுக் கண்டறியும் குழுவையும் பகிர்ந்துகொள்வது. அதற்கும் மேல், ஒருவர் சுத்திகரித்து மற்றவருக்கு மொத்தமாக விற்கும் நீண்டகால ஒப்பந்தம். பிறகு, சுத்திகரிப்பு நிலையத்தையும் பிரதானக் குழாயையும் ஒரு கூட்டு அமைப்பிடம் கொடுத்து, தெருக்குழாயையும் வசூலையும் ஊரிடமே வைத்துக்கொள்வது. பிரான்சில் ஊர்கள் தம் தனித்தன்மையை விடாமல் ஒரு பணிக்காக மட்டும் கூட்டுச் சங்கம் அமைக்க 1890-ஆம் ஆண்டிலேயே சட்டம் வழிவகுத்தது. டெட்ராய்ட் நகரம் தன் வட்டார அளவிலான கட்டமைப்பை 2016 முதல் நாற்பது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு வட்டார ஆணையத்திடம் கொடுத்து, நகரத்துக்குள் வழங்கும் பொறுப்பைத் தானே வைத்திருக்கிறது.

அவசர இணைப்பிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. அதைப் பதிக்கும்போதே இரு தரப்பின் அழுத்தம், தண்ணீரின் தன்மை, ஊழியர்கள் ஒருவரோடொருவர் வேலை செய்யும் விதம் எல்லாம் தெரிந்துவிடும்.

அதிக ஆள் உள்ள ஊர் சிறிய ஊரை விழுங்கிவிடாதா?

இந்தப் பயத்தை எவரும் அலட்சியப்படுத்தக் கூடாது. அலட்சியப்படுத்திய திட்டங்கள் தோற்றிருக்கின்றன.

நியூசிலாந்தில் 2016-இல் ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில் குடிநீரில் கிருமி கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். விசாரணை நடந்தது, சீர்திருத்தம் வேண்டும் என்று அது சொன்னது. 67 உள்ளாட்சி மன்றங்களின் நீர்ப் பணிகளை நான்கு பெரிய அமைப்புகளாக்க 2022-இல் சட்டம் வந்தது. "எங்கள் முன்னோர் கட்டிய தொட்டியைப் பற்றி முடிவெடுக்க இனி எங்களுக்குக் குரல் இல்லையா?" என்ற எதிர்ப்பு ஓங்கியது. 2023-இல் நான்கைப் பத்தாக்கிப் பார்த்தார்கள். ஆட்சி மாறியதும் 2024 பிப்ரவரியில் சட்டமே நீக்கப்பட்டது. அயர்லாந்தில் உள்ளாட்சிகளிடமிருந்த பணி 2014-இல் ஒரே தேசிய நிறுவனத்திடம் போனது. அதே வேளையில் வீடுகளுக்குப் புதிதாகத் தண்ணீர்க் கட்டணமும் வந்ததால் பெருந்திரளாக மக்கள் தெருவில் இறங்கினர். 2016-இல் கட்டணம் நிறுத்தப்பட்டது. புதிய அமைப்பையும் புதிய கட்டணத்தையும் ஒரே மூச்சில் கொண்டுவரக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலம் வேறு வழியில் போனது. 29 உள்ளாட்சி மன்றங்களின் பணி 2009-இல் மூன்று வட்டார நிறுவனங்களுக்கு மாறியது, 2013-இல் அவை ஒன்றாயின. உரிமையாளர்களாக மன்றங்களே நீடித்தன.

உங்கள் ஒப்பந்தத்தில் சிறிய ஊருக்கு இரண்டு பாதுகாப்புகள் வேண்டும். இடங்கள் மக்கள்தொகை விகிதப்படி இருந்தாலும், கட்டணம், நீராதாரம் விற்பது, நிலையத்தை மூடுவது ஆகியவற்றுக்குச் சிறிய ஊர் உறுப்பினர்களின் சம்மதமும் தேவை என்று எழுதுங்கள். முதல் பத்து ஆண்டில் எந்தப் பகுதியில் எத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்றப்படும் என்பதை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழி உறுதி அடுத்த தேர்தல்வரைகூடத் தாங்காது.

ஊழியர்களின் வேலை போய்விடுமா?

களத்தில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் போகாது, ஆள் பற்றாக்குறையே இணைப்புக்கு ஒரு காரணம். இரண்டு மேலாளர், இரண்டு கணக்காளர் என்று இரட்டிப்பாகும் இடங்களில்தான் கேள்வி. சம்பளத்தைச் சமன் செய்யும்போது அது பெரும்பாலும் உயர்ந்த பக்கத்தை நோக்கியே நகரும். நகர வேண்டியதும் அப்படித்தான். ஆனால் "மிச்சமாகும்" என்று காட்டிய தொகையிலிருந்து அதைக் கழித்தார்களா என்று பாருங்கள்.

பக்கத்து ஊரின் கிணறுகள் வற்றிவிட்டன. கணக்குப் பார்க்காமல் உதவக் கூடாதா?

உதவ வேண்டும். தண்ணீர் இல்லாத வீட்டின் முன்னால் நின்றுகொண்டு கட்டணக் கணக்குப் பேச எனக்கு மனம் வராது.

கலிபோர்னியாவின் ஈஸ்ட் போர்ட்டர்வில்லில் 2014 வறட்சியில் வீட்டுக் கிணறுகள் நூற்றுக்கணக்கில் வற்றின. முற்றத்தில் வைத்த தொட்டிகளிலும் பாட்டில் தண்ணீரிலும் குடும்பங்கள் காலம் தள்ளின. பக்கத்திலேயே போர்ட்டர்வில் நகரத்தின் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாநில நிதியோடு முதல் வீடுகளுக்கு அந்தக் குழாய் வந்தது 2016 ஆகஸ்டில். 2015-இலேயே அம்மாநிலம், பாதுகாப்பான தண்ணீர் தர முடியாத சிறிய அமைப்புகளை அண்டை அமைப்போடு இணைய உத்தரவிடும் அதிகாரத்தைத் தன் நீர் வாரியத்துக்குச் சட்டமாகவே கொடுத்தது. முதலில் குழாய் வழியாகத் தண்ணீர் கொடுங்கள், நிர்வாக இணைப்பைப் பிறகு நிதானமாகப் பேசுங்கள். குழாய் பதிக்கும் செலவுக்கு மாநில, தேசிய நிதியைக் கேளுங்கள். நெருக்கடியில் இருக்கும் ஊரிடம் அதன் நீர் உரிமையை விலையாகக் கேட்காதீர்கள்.

பிடிக்கவில்லையென்றால் பிறகு பிரிய முடியுமா?

தாளில் முடியும், தரைக்கடியில் மிகக் கடினம். ஒரு நிலையத்தை மூடிவிட்டால், ஊழியர் கலைந்துவிட்டால், பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. முதல் ஐந்து ஆண்டுக்காவது பழைய கிணறுகளையும் பம்புகளையும் இயங்கும் நிலையில் வைத்திருங்கள். வறட்சியிலும் அது கைகொடுக்கும்.

நான் குழுவில் இல்லை, கட்டணம் கட்டுகிறவன் மட்டும்தான். என்ன செய்யலாம்?

இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள். இணைந்த பிறகு "முன்பு நன்றாக இருந்தது" என்று சொல்பவர்களும் "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்பவர்களும் சம அளவில் கிளம்புவார்கள், இரு தரப்பிடமும் ஆதாரம் இருக்காது. மாதம் ஒருமுறை, காலையில் முதலில் குழாயைத் திறந்ததும், ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். தேதியும் தெருவின் பெயரும் போதும். குழாயின் கடைசி முனையில் இருக்கும் வீடுகளை முக்கியமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்றம் முதலில் தெரிவது அங்கேதான். இருபது வீடுகள் ஓர் ஆண்டு இதைச் செய்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்தால், கூட்டத்தில் அந்த நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கலாம்.